பிறின்ஸ்ரன் புல்வெளியில் ஒரு சுமைதாங்கி

பெறாமகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக 2025ஆம் ஆண்டு நான் அமெரிக்காவுக்குப் போனேன். போகவேண்டியவள் என் அக்கா. ஆனால் அவளுக்கு முழங்கால் வருத்தம். நீண்ட நேரம் விமானத்தில் இருக்க முடியாது. "நீ போய் அவளைப் பார். உன்ரை பிள்ளையைப் போலைதானே" என்று என்னை அனுப்பிவைத்தாள். பத்தியக்கறிச் சரக்கு, வேப்பம்பூ வடகம், பிள்ளைக்கு வசம்பு என்று பெட்டியை நிறைத்துக்கொண்டு போய், நியூஜேர்சி மாநிலத்தில் மூன்று மாதம் தங்கியிருந்தேன்.

அமெரிக்கா போய்வந்தவர்கள் நியூயோர்க்கின் உயர்ந்த கட்டடங்களைப் பற்றியும் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றியும் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு பல்கலைக்கழகப் புல்வெளியில் நிற்கும் வெண்கலச் சிற்பம் ஒன்றைப் பற்றி. அதற்கு முகம் இல்லை, கை இல்லை, கால் இல்லை. நடுவில் பெரியதொரு துவாரம் மட்டும் இருக்கிறது. அதன் முன் நின்றபோது, பல வருடங்களாக ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை நான் வாய்விட்டுச் சொன்னேன். என்னைப் போலவே அதைச் சொல்லாமல் வைத்திருக்கும் சகோதரிகள் இந்தப் பக்கங்களை வாசிப்பீர்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டும். பிள்ளை பிறந்த அன்று கைத்தொலைபேசியில் அக்காவுக்கு முகம் காட்டினோம். கண்டதுதான் தாமதம், "தம்பிதான்! அச்சொட்டாய் தம்பியின்ரை முகம்" என்று அக்கா அழத் தொடங்கிவிட்டாள். பக்கத்தில் நின்ற நானும் "ஓம் அக்கா, ஓம்" என்றேன்.

எங்கள் தம்பி 1990இல் ஷெல் விழுந்து இறந்தான். வயது 19. வீட்டுக்கு மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாங்கள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். படங்கள் இருந்த தகரப்பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. அவனுடைய படம் ஒன்றாவது ஆரிடமாவது இருக்குமா என்று அம்மா சாகும்வரை உறவினர் வீடெல்லாம் கேட்டுத் திரிந்தா. ஒன்றும் கிடைக்கவில்லை.

அக்காவுக்கு நான் சொன்ன அந்த "ஓம்" அன்றிலிருந்து என் மனதில் முள்ளாகக் கிடந்தது.

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வெயில் நன்றாக எறித்தது. பிள்ளைக்கு ஐம்பது நாள் கடந்திருந்தது. "வீட்டுக்குள்ளையே அடைஞ்சு கிடக்கிறியள் சித்தி. வாங்கோ, நான் வேலை செய்யிற இடத்தைக் காட்டுறன்" என்றாள் பெறாமகள். அவள் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் துணிப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

பிறின்ஸ்ரன் சந்தியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு குட்டிப் புகையிரதம் ஓடுகிறது. இரண்டே பெட்டிகள், ஐந்து நிமிடப் பயணம். அதற்கு 'டிங்கி' என்று செல்லப்பெயர். நான் குளிர்ச்சட்டையின் பொத்தானைக் கழற்றி முடிக்குமுன் இறங்கவேண்டி வந்துவிட்டது.

பல்கலைக்கழகம் 1746இல் தொடங்கப்பட்டது. அமெரிக்கா என்ற நாடு உருவாகுமுன்னரே அது இருந்திருக்கிறது. பழைய கருங்கற் கட்டடங்கள், பெரிய மரங்கள், நிலமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்த இலைகள். நடுவே பல்கலைக்கழகத்தின் கலை நூதனசாலை. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டிய புதிய கட்டடம் 2025 ஒக்ரோபர் இறுதியில்தான் திறக்கப்பட்டதாம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆனால் நூதனசாலைக்குச் சொந்தமான சிற்பங்கள் பல கட்டடத்துக்குள் இல்லை. மரத்தடியிலும் புல்வெளியிலும் நடைபாதை ஓரத்திலும் மழையிலும் பனியிலும் நிற்கின்றன. பிள்ளைகள் அவற்றைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறார்கள்.

தேவாலயத்தின் பக்கத்தில் ஒரு சிற்பத்தைக் காட்டினாள். ஜோர்ஜ் சீகல் என்பவர் செய்தது. கைகள் கட்டப்பட்ட நிலையில் மகன் முழங்காலில் நிற்கிறான். கத்தியோடு தகப்பன் எதிரே நிற்கிறார். வேதாகமத்தில் வரும் ஆபிரகாம், ஈசாக்கு கதை. 1970 மே 4ஆம் திகதி ஒஹையோ மாநிலத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தில், வியட்னாம் யுத்தத்தை எதிர்த்து மாணவர்கள் கூடிய இடத்தில் தேசியக் காவற்படையினர் சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகச் செய்யப்பட்ட இந்தச் சிற்பத்தை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்ததால் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பெடியனின் முகத்தை என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. "நடவுங்கோ சித்தி, இன்னொண்டு இருக்கு" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கிருந்து நசோ மண்டபத்தடிக்கு வந்தோம். 1756இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. அமெரிக்கச் சுதந்திர யுத்தத்தில், 1777 ஜனவரி 3ஆம் திகதி, இதன்மேல் பீரங்கிக் குண்டு விழுந்திருக்கிறது. பின்பக்கச் சுவரில் அந்தக் காயம் இன்னும் தெரிகிறது. எங்கள் ஊரில் இப்படி எத்தனை சுவர்கள்! பூசி மறைத்துவிட்டோம், அல்லது இடித்துவிட்டோம். இவர்கள் 250 வருடமளவாக அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

மண்டபத்தின் உள்ளே யுத்தங்களில் இறந்த இந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் பெயர்கள் சுவரிற் பொறிக்கப்பட்டிருக்கின்றனவாம். அன்று கதவு பூட்டியிருந்தபடியால் பெறாமகள் சொல்லக் கேட்டேன். 1861இலிருந்து 1865வரை அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டு யுத்தத்தில் இறந்தவர்களின் பெயர்களும் அங்கே உண்டு. ஆர் எந்தப் பக்கம் நின்றார் என்று எழுதவில்லை. இரண்டு பக்கத்தாரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். நான் சற்று நேரம் அந்தப் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மண்டபத்தின் மேற்குப் பக்கமாக ஒரு சிறிய புல்வெளி. அங்கேதான் அது நின்றது.

தூரத்திலிருந்து பார்க்க எனக்கு ஒரு பெரிய எலும்பு என்றுதான் பட்டது. ஏறத்தாழ 11 அடி உயரம். நீள்வட்டமான ஒரு வளையம். அதன் நடுவில் இருக்கும் துவாரத்துக்குள் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு முனைகள் நீண்டு வருகின்றன. கிட்டக்கிட்ட வந்து, தொடாமல் நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே மடி போல ஒரு குழிவு. அந்தக் குழிவுக்குள் ஒரு மாணவி கால்களை மடித்து வைத்துக்கொண்டு இருந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் சிரித்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

"இதின்ரை பேர் முனைகள் உள்ள நீள்வட்டம்" என்றாள் பெறாமகள். "செய்தவர் ஹென்றி மூர் எண்டு இங்கிலாந்துக்காரர். பெடியள் வைச்ச பேர் வேறை. நிக்சனின் மூக்கு!" அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து 1974இல் பதவி விலகிய நிக்சனின் மூக்கு, பக்கவாட்டில் பார்த்தால் அந்த முனையைப் போல இருக்குமாம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். வெளிப்புறமெல்லாம் கறுப்பும் பச்சையும் கலந்த மண்ணிறம். ஆனால் அந்தக் குழிவும், முனைகளும், துவாரத்தின் உள்விளிம்பும் பொன்னாக மினுங்கின. ஆரோ புளி போட்டு மினுக்கி வைத்த குத்துவிளக்கைப் போல.

"ஆர் இதை மினுக்கிறது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் மினுக்கிறேல்லை சித்தி. தொட்டுத் தொட்டு மினுங்கினது. ஐம்பது வருசத்துக்கு மேலை பெடியள் ஏறி, இருந்து, சறுக்கி... கை பட்ட இடம் மட்டும் மினுங்குது. வேலியுமில்லை, காவலுமில்லை. நீங்களும் தொட்டுப் பாருங்கோ."

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த உலோகம். காற்றும் மழையும் படப்பட அதன்மேல் கறுப்பாகவும் பச்சையாகவும் ஒரு படை பிடிக்கும். தோலும் உடுப்பும் இடைவிடாமல் உரஞ்சினால் அந்தப் படை நிற்காது. ஆகவே எந்த இடம் பொன்னாக இருக்கிறதோ அந்த இடத்தில் மனிதர் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தச் சிற்பம் 1969, 70ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்டது. ஏன் இங்கே வந்தது என்று பெறாமகள் சொன்ன கதைதான் என்னை நிறுத்தியது. ஜோன் புட்னம் என்று ஓர் இளைஞன் இங்கே படித்தான். 1945இல் பட்டம் பெற்று வெளியேறவேண்டிய வகுப்பு. படிப்பை விட்டு இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போனான். 1944இல் இறந்துவிட்டான். இருபதுக்கு மேற்பட்ட வருடங்கள் கழித்து, அவன் நினைவாகச் சிற்பங்கள் வாங்கி வளாகத்தில் வைப்பதற்கென்று பெருந்தொகைப் பணம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்கள் அப்போது தங்கள் பெயரை வெளியிடவில்லை. அந்தக் கொடையின் பின்னால் நின்றவர் ஜோனின் தம்பி பீற்றர். பௌதிகவியல் படித்த அந்தத் தம்பி, பிற்காலத்தில் லூசியானா மாநிலத்தில் இரவுநேரத் துப்புரவுத் தொழிலாளியாக வேலை செய்து எளிமையாக வாழ்ந்திருக்கிறார். 1987இல் சைக்கிளில் போகும்போது வாகனம் மோதி இறந்தார்.

அந்தப் பணத்தில் வாங்கிய சிற்பங்கள் இருபதளவில் வளாகமெங்கும் இருக்கின்றன. அவற்றில் எதுவுமே ஜோனின் உருவம் இல்லை. வசதியான குடும்பம். படங்கள் நிறைய இருந்திருக்கும். சீருடையோடு ஓர் ஆளுயரச் சிலை வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், அவனோடு எந்தச் சாயலும் இல்லாத பொருட்களை வைத்து, தங்கள் பிள்ளையை அறியாத பிள்ளைகள் ஏறி விளையாட விட்டிருக்கிறார்கள்.

நான் அதை யோசித்துக்கொண்டு நிற்கும்போது பெறாமகள் கேட்டாள்: "சித்தி, அம்மா சொல்லுறா பிள்ளை மாமான்ரை சாயல் எண்டு. நான் மாமாவைப் பார்க்கேல்லை, படமும் இல்லை. உண்மையா அப்பிடித்தானோ?"

அவளுக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "பிள்ளை, எனக்குத் தெரியாது. மாமான்ரை முகம் எனக்கு மறந்துபோச்சு" என்றேன்.

சொல்லிவிட்டு அழுதேன். என்றைக்கு மறந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. மூக்கு வந்தால் கண் வரவில்லை. கண் வந்தால் அது அக்காவின் மகனுடைய கண்ணாக இருந்தது. கூடப்பிறந்தவனின் முகத்தை மறக்கிற ஒருத்தி இருப்பாளா என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். அவனை இரண்டாம் முறை சாகவிட்டவள் நான் என்ற எண்ணம் இருந்தது. திதி நாளில் படையலுக்கு முன் நிற்கும்போது வெறுஞ் சுவரைத்தான் பார்த்துக் கும்பிடுவேன்.

பெறாமகள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்து அந்தக் குழிவின்மேல் வைத்தாள். குளிரில் வெண்கலம் சில்லென்று இருக்குமென்று நினைத்தேன். மாணவி இருந்துவிட்டுப் போன இடம் இளஞ்சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் ஹென்றி மூரைப் பற்றி அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். அவர் 1898இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. தாய்க்கு முதுகு நோ இருந்தது. சின்ன மகன்தான் தாயின் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவான். பல வருடங்கள் சென்றபின், 1957இல், முதிர்ந்த பெண்ணொருத்தி இருப்பதுபோல ஒரு சிற்பம் செய்துகொண்டிருந்தபோது, தான் வடிப்பது தாயின் முதுகை என்று அவருக்கு விளங்கியதாம். கண்ணை விடக் கை அதை ஞாபகம் வைத்திருந்தது.

யுத்தத்தையும் அவர் அறிந்தவர். முதலாம் உலக யுத்தத்தில் 1917இல் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டார். இரண்டாம் யுத்தத்தில் லண்டன்மீது குண்டுகள் விழுந்தபோது, சனங்கள் இரவில் நிலத்தடிப் புகையிரத நிலையங்களுக்குள் இறங்கிப் படுத்தார்கள். நாங்கள் பதுங்குகுழிக்குள் படுத்தது போலத்தான். பிள்ளையை அணைத்துக்கொண்டு போர்வைக்குள் சுருண்ட தாய்மார், வாயைத் திறந்தபடி உறங்கும் முதியவர்கள். 1940இலும் 41இலும் மூர் அவர்களை வரைந்தார். ஆனால் அவர்கள் முன்னால் நின்று வரையவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களை நின்று பார்த்து வரைவது மரியாதையல்ல என்று நினைத்தார். பார்த்துவிட்டு, ஓரமாகப் போய்ச் சில குறிப்புகள் மட்டும் எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து வரைந்தார். இதைக் கேட்டபோது, முகாம்களில் எங்கள் கூடாரங்களுக்குள் கேளாமலே கமராவை நீட்டியவர்களை நினைத்துக்கொண்டேன்.

அவருடைய மனைவி இரினா, கீவ் நகரில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சிக் காலத்தில் அவருடைய தகப்பன் காணாமற்போய்விட்டார். காணாமற்போனவர் வீட்டுப் பிள்ளை ஒருத்திதான் அந்தச் சிற்பியின் வீட்டில் விளக்கேற்றியவள் என்று அறிந்தபோது, அந்த இரண்டு முனைகளும் எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தன.

அந்த முனைகளைப் பற்றி மூருக்கு நெடுநாள் எண்ணம் ஒன்று இருந்தது. 1939, 40ஆம் ஆண்டுகளிலேயே 'மூன்று முனைகள்' என்று ஒரு சிறிய சிற்பம் செய்திருக்கிறார். முனைகள் தொட்டுவிட்டால் அங்கே விசை இல்லை. தொடுமுன் இருக்கும் அந்த இடைவெளியில்தான் விசை இருக்கிறது என்பது அவர் எண்ணம். பின்னர், 1960களில், ஜூலியன் ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானியின் குடும்பம் அவருக்கு ஒரு யானையின் மண்டையோட்டைக் கொடுத்தது. அதன் குழிவுகளையும் துவாரங்களையும் பார்த்து மூர் நிறைய வரைந்தார். யானை போய்விட்டது. கண் இருந்த இடம், தும்பிக்கை இருந்த இடம் எல்லாம் வெறும் துவாரம். ஆனால் அந்தத் துவாரங்களைப் பார்த்தால் யானைதான் ஞாபகம் வருகிறது.

அன்று புல்வெளியில் நின்றபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் கையை அந்த வளைவில் வைத்திருந்தபோது ஒன்று நடந்தது. தம்பியின் முகம் வரவில்லை. அவன் முதுகு வந்தது. என்னைச் சைக்கிளின் பின் கரியரில் இருத்தி ரியூசனுக்கு ஏற்றிப் போவான். மணல் ஒழுங்கையில் சைக்கிள் ஆடும்போது நான் அவன் சேட்டைப் பிடித்துக்கொள்வேன். வியர்த்து நனைந்த அந்தச் சேட்டின் ஈரம், மிதிக்கும்போது இடமும் வலமுமாக அசையும் தோள்மூட்டுகள். 35 வருடங்களுக்குப் பின் அவை என் உள்ளங்கைக்குள் அப்படியே இருந்தன. நான் அவனை மறக்கவில்லை. கண் மறந்ததைக் கை வைத்திருக்கிறது.

ஊரில் பழைய றோட்டுகளின் ஓரத்தில் சுமைதாங்கி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நிறுத்தி, குறுக்கே ஒரு கல் வைத்தது. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் கட்டி வைப்பார்கள். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்காக, வழியிற் போகிற எல்லோரும் தங்கள் சுமையை இறக்கி வைக்கட்டும் என்று. அதிலும் உருவம் இல்லை. பக்கத்தில் சில இடங்களில் ஆவுரஞ்சிக்கல் இருக்கும். மாடுகள் வந்து கழுத்தையும் முதுகையும் உரஞ்சி உரஞ்சி அந்தக் கல் வழுவழுவென்று ஆகிவிடும். ஹென்றி மூர் இங்கிலாந்தில் பெரி கிறீன் என்ற கிராமத்தில் வாழ்ந்தபோது, செம்மறிகள் மேயும் வயலில் தன் சிற்பத்தை வைத்திருந்தார். செம்மறிகள் வந்து அதில் உடம்பை உரஞ்சுவதும் அதன் நிழலில் படுப்பதும் அவருக்கு விருப்பமாம். எங்கள் பாட்டன்மாருக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் எங்கள் பாட்டன்மாரைத் தெரியாது. ஆனால் ஒரே விஷயத்தைத்தான் அறிந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தச் சிற்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கட்டடத்துக்கு 2017இல் மொறிசன் மண்டபம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவரும், 1993இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவருமான கறுப்பினப் பெண் எழுத்தாளர் ரோனி மொறிசனின் பெயர் அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தன் முன்னோரை நினைப்பதற்கு நாட்டில் பொருத்தமான ஓர் இடம் இல்லையே, றோட்டோரத்தில் ஒரு சின்ன வாங்குகூட இல்லையே என்று அவர் 1989இல் மனம் வருந்திப் பேசியிருக்கிறார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவருடைய வாசகர்கள், 2008இல் தென் கரோலினா மாநிலத்தின் கடற்கரைத் தீவொன்றில், அடிமைக் கப்பல்கள் வந்திறங்கிய இடத்தில் முதலாவது வாங்கை வைத்தார்கள். பின்னர் வேறு இடங்களிலும் வைத்தார்கள். போகிற வருகிறவர்கள் அதில் இருந்து இளைப்பாறலாம்.

அன்று இரவு அக்காவுக்கு எடுத்தேன். அங்கே விடிந்திருந்தது. "அக்கா, நான் பொய் சொல்லிப்போட்டன். பிள்ளை தம்பியின்ரை சாயலோ எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு அவன்ரை முகம் ஞாபகமில்லை" என்றேன். அக்கா கனநேரம் பேசவில்லை. தொலைபேசி அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மெல்லச் சொன்னாள்: "எனக்கும் வடிவா ஞாபகமில்லையடி. பிள்ளையைக் கண்டவுடனை அப்பிடிச் சொல்லவேணும் போலை இருந்தது."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவன் சைக்கிள் ஓடுகிற விதத்தைப் பற்றிக் கதைத்தோம். அவன் பிழிகிற தேசிக்காய்த் தண்ணீருக்குச் சீனி காணாது என்று கதைத்தோம். அம்மாவின் முந்தானையில் கை துடைப்பதைப் பற்றிக் கதைத்தோம். இவ்வளவும் எங்களிடம் இருந்திருக்கிறது. முகத்தைத் தேடிக்கொண்டிருந்ததில் இவற்றை நாங்கள் பார்க்காமல் இருந்துவிட்டோம்.

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலரிடம் படம் இல்லை. படம் இருக்கும் சிலருக்கு அதற்கு மாலை போடலாமா கூடாதா என்று தெரியாது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாயிடம் போய் நினைவுச்சின்னம் என்று சொன்னால் அவளுக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபம் நியாயமானது. அவளுடைய இரண்டு முனைகளும் இன்னும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. அந்த இடைவெளியை மூடச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. நான் சொல்வது என்னைப் போல, போனவர் போய்விட்டார் என்று அறிந்தும், முகத்தை மறந்துவிட்டோமே என்று உள்ளுக்குள் குற்றவாளியாக வாழ்பவர்களுக்கு. முகம் மறப்பது துரோகம் அல்ல. உங்கள் கையைக் கேட்டுப் பாருங்கள். அது என்ன வைத்திருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் அக்காவும் நானும் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். தம்பி மண்ணெண்ணெய்க்குப் போன அந்த றோட்டில், எங்கள் ஒழுங்கை முகப்பில், பஸ் நிற்கும் இடத்தில் நிழல் இருக்கிறது, இருக்க இடம் இல்லை. உரியவர்களிடம் கேட்டு, மேசனைப் பிடித்து, சீமெந்தால் ஒரு வாங்கு கட்டினோம். மேசன், "படம் ஏதும் பதிக்கிறதோ? இப்ப ஓட்டிலை படம் அடிச்சுத் தருவினம்" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். பின்பக்கத்தில் பெயரைச் சிறிய எழுத்தில் எழுதுவித்தோம். அருகில், தலைச்சுமை இறக்கி வைக்க உயரமாக ஒரு கட்டும் கட்டுவித்தோம்.

நேற்றுக் காலை சந்தைக்குப் போகும்போது பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு கிழவி கீரைக் கடகத்தைக் கட்டில் இறக்கி வைத்துவிட்டு, வாங்கில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தா. நானும் பக்கத்தில் இருந்தேன். கையால் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். சீமெந்து இன்னும் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. அழுத்தமாவதற்குச் சனம் இன்னும் கனகாலம் வந்து இருக்கவேண்டும்.